இலை உதிர்வதற்கு ஒரு வாத்தியார்

என் கடையில் வாங்கிய செடியின் இலை உதிர்ந்துவிட்டது என்று இன்றுவரை ஒருவர் வந்து நின்றதில்லை. தண்ணீர் வேண்டாம், வெயில் வேண்டாம், மண்ணும் வேண்டாம். தூசி படிந்தால் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, அவ்வளவுதான். லாட்ஜ் வரவேற்பறை, பல் டாக்டரின் காத்திருப்பு அறை, வங்கி மேனேஜரின் மேசை என்று இந்த ஊரில் கண்ணுக்குக் குளிர்ச்சியாக எது தெரிந்தாலும் அது அநேகமாக நான் விற்ற பிளாஸ்டிக்காகத்தான் இருக்கும். ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன் நான். பஸ் நிலையத்தில் கூடையில் பிளாஸ்டிக் ரோஜா வைத்து விற்றவன், இன்று இரண்டு மாடிக் கடைக்கு முதலாளி. யாரிடமும் கை நீட்டி வந்ததில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் மறந்துவிடுவேன் என்பதற்காக இல்லை, படிக்கிறவர்கள் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

எழுத வந்தது என்னைப் பற்றி இல்லை, என் மனைவியின் தம்பியைப் பற்றி. கல்லூரியில் தாவரவியல் வாத்தியார். தாவரத்தில் எத்தனையோ உண்டு, பூ உண்டு, காய் உண்டு, வேர் உண்டு. இவன் எடுத்துக்கொண்டது இலை உதிர்வது. உதிராத இலையை விற்றுச் சம்பாதித்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டே, இலை எப்படி உதிர்கிறது என்று இருபது வருடமாக ஆராய்ச்சி செய்கிறான். கல்லூரியில் அவனுக்குப் பட்டப்பெயர் ‘சருகு சார்’. அது வெறும் பட்டப்பெயர் என்று தெரியாத தபால்காரர் ஒருமுறை ‘திரு. சருகு இருக்காரா’ என்று என் வாசலிலேயே கேட்டார்.

ஏன் இந்தத் துறைக்குப் போனான் என்று எல்லோரும் கேட்கிறார்கள். கல்லூரி ஆண்டு மலரில் ‘இளமை முதலே இயற்கை மீது கொண்ட தீராக் காதலால்’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்துவிட்டு என் மனைவி சிரித்த சிரிப்பில் அடுப்பிலிருந்த பால் பொங்கி வழிந்தது. இயற்கையாம், காதலாம். கம்பளிப்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறி நிற்பவன் அவன். பூ பக்கத்தில் போனால் தும்மல். அவனை நம்பி வளர்ந்த தொட்டிச் செடி ஒன்றுகூட ஒரு கோடையைத் தாண்டியது கிடையாது. உண்மைக் காரணம் எனக்குத் தெரியும். ஏனென்றால் அந்தக் கிளையை ஒடித்தவன் நான்.

எனக்குக் கல்யாணமான புதிது. என் மனைவிக்குத் தம்பியைத் தவிர வேறு யாரும் இல்லை, தம்பிக்கும் அக்காவைத் தவிர வேறு யாரும் இல்லை. ஆகவே ஒருத்தியைக் கட்டி இரண்டு பேரை வீட்டுக்கு அழைத்து வந்தேன். அவன் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தான். வாசலில் ஒரு பாதாம் மரம். அப்போதுதான் சொந்த வேன் வாங்கியிருந்தேன், மேலே மூட்டை கட்டி முதல் லோடு கொண்டு வந்தேன். மரம் குறுக்கே வந்துவிட்டது. ஒரு பெரிய கிளை முறிந்து, கொஞ்சம் பட்டையை மட்டும் பிடித்துக்கொண்டு தொங்கியது. நாளைக்கு வெட்டலாம் என்றேன். தொழிலில் ஓடுகிறவனுக்கு நாளை என்பது எப்போது வந்திருக்கிறது?

கோடை வந்தது. மரம் முழுவதும் சிவந்து இலையைக் கொட்டியது. ஒடிந்த கிளையில் மட்டும் காய்ந்த இலைகள் அப்படியே ஒட்டிக்கொண்டு, காற்றடித்தால் பழைய காகிதம் மாதிரிச் சலசலத்தன.

“நல்ல கிளையெல்லாம் குப்பை போடுது, ஒடிஞ்சது ஒண்ணுதான் ஒழுங்கா இருக்கு” என்று பெருக்கிக்கொண்டே மனைவி முணுமுணுத்தாள்.

துடைப்பம் அவன் காலில் இடித்தது. அவன் நகரவில்லை. அண்ணாந்து பார்த்தபடியே என்னைக் கூப்பிட்டான்.

“மாமா, செத்துப்போன கிளைல இலை ஏன் விழல?”

“பசை நல்ல பசை” என்றேன். என் தொழிலில் இலை விழாததற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

“இல்ல மாமா. செத்ததுதானே முதல்ல கொட்டணும்? உயிரோட இருக்கிறதெல்லாம் விட்டுடுச்சு. செத்தது கெட்டியா புடிச்சிக்கிட்டு நிக்குது.”

கடை முக்காலியைக் கொண்டுபோய்ப் போட்டு ஏறினான். காய்ந்த இலையைப் பிடித்து இழுத்தான். இலை கிழிந்து கையோடு வந்தது, காம்பு கிளையிலேயே நின்றது. பிறகு நல்ல கிளையில் பழுத்து நின்ற இலை ஒன்றைத் தொட்டான். தொட்டதுதான் தாமதம், சட்டைப் பொத்தான் கழன்றது போல வந்தது. இருந்த இடத்தில் வழவழவென்று வட்டமாக ஒரு தழும்பு. ஒரு மத்தியானம் முழுவதும் முக்காலி மேல் நின்று பிடுங்கிப் பிடுங்கிப் பார்த்தான். இறங்கும்போது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. லாட்டரி விழுந்தவன்கூட அப்படி இளிக்க மாட்டான்.

“இலை தானா விழறதில்ல மாமா. மரம்தான் கழட்டி விடுது. கழட்டறதுக்கு உயிர் வேணும். அந்தக் கிளைக்கு உயிர் இல்ல, அதான் கழட்ட முடியல.”

“சரி, வா. மூட்டை இறக்கணும்” என்றேன்.

அன்றைக்கு நான் வேனை ஒழுங்காக ஓட்டியிருந்தால் நாட்டுக்கு ஒரு விஞ்ஞானி குறைந்திருப்பான். ஆண்டு மலரில் என் வேனைப் பற்றி ஒரு வரி உண்டா? தேடிப் பார்த்தேன், இல்லை.

படித்தான், நான் படிக்க வைத்தேன். பெயருக்கு முன்னால் டாக்டர் போட்டுக்கொண்டான், படித்த கல்லூரியிலேயே வேலையும் கிடைத்தது. அவன் அறை நடைக்கூடத்தின் கடைசியில், கழிவறைக்குப் பக்கத்தில். ஒழுகும் குழாய், அதன் கீழே ஒரு வாளி, ஜன்னல் ஓரம் வரிசையாகத் தொட்டிகள். அந்தத் தொட்டிகளை முதன்முதலில் பார்த்தபோது ஆடு புகுந்துவிட்டது என்றே நினைத்தேன். எல்லாச் செடியிலும் இலையைக் கத்தரியால் நறுக்கிவிட்டு, காம்பை மட்டும் நிற்க விட்டிருந்தான். இலை போன காம்பைச் செடி சில நாளில் கழற்றி எறிந்துவிடுமாம். ஆனால் வெட்டிய நுனியில் ஒரு மருந்தைத் தடவினால், இலை இன்னும் இருக்கிறது, வேலை செய்கிறது என்று செடி நம்பி, காம்பை விடாமல் வைத்துக்கொள்ளுமாம்.

“அப்போ நீ செடிகிட்ட பொய் சொல்ற” என்றேன்.

“ஒரு விதத்துல ஆமா மாமா.”

“நான் மனுஷங்ககிட்ட சொல்றேன். ரெண்டு பேருக்கும் ஒரே தொழில். எனக்கு மட்டும் ஏன்டா டாக்டர் பட்டம் தரல?”

அவன் அடுத்த காம்புக்கு மருந்து தடவப் போய்விட்டான்.

வாத்தியார் வேலைதான் அவனுக்கு எமனாக இருந்தது. மனிதர்களைப் பார்த்தால் நாக்கு உள்ளே போய்விடும். வகுப்புக்குள் நுழைந்ததும் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பி நின்றுகொள்வான். மணி அடிக்கும் வரை பலகைக்குத்தான் பாடம். அவனிடம் படித்த ஒரு பையன் பிறகு என் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். சார் கடைக்குள் எதிரே வந்தால் அவனுக்கு அடையாளம் தெரியாது, முதுகைக் காட்டினால் எழுந்து நிற்பான்.

இப்படிப்பட்டவனுக்குப் பெரிய ஆராய்ச்சிக்கூடம் ஒன்றிலிருந்து அழைப்பு வந்தது. பாடம் எடுக்க வேண்டாம், பையன்கள் இல்லை, குளிரூட்டிய அறை, கூட்டிப்போகக் கார். தெரு முழுக்க நான் சொல்லி முடித்துவிட்டேன். இவன் போகவில்லை.

“ஏன்டா?”

“வகுப்பு கிடையாதாம் மாமா.”

“வகுப்புன்னாலே உனக்கு வேர்த்துக் கொட்டுது. சுவத்தைப் பார்த்துப் பேசறவனுக்கு வகுப்பு எதுக்கு? அங்கயும் சுவர் இருக்கும்.”

“இருந்தாலும்…” என்றான். அந்த ‘இருந்தாலும்’க்குப் பிறகு என்ன என்று கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். தெருவில் போய் அந்தக் கூடத்துக் குளிர் அவன் உடம்புக்கு ஆகாது என்று சொல்லிச் சமாளித்தேன்.

விஷயம் இனிமேல்தான் இருக்கிறது. தாவரவியலுக்கு வருடா வருடம் ஆள் குறைந்துகொண்டே வந்தது. போன வருடம் சேர்ந்தவர்கள் ஒரே பெஞ்சில் இடித்துக்கொள்ளாமல் உட்கார்ந்தார்கள். பிரின்சிபால் கூப்பிட்டு அனுப்பினார். சேர்க்கை நாளன்று சாயங்காலத்துக்குள் முன்வரிசை இரண்டு பெஞ்சும் நிறைய வேண்டும், ஓர் இடம் காலி என்றாலும் பிரிவை மூடிவிடுவார்கள், அறை கம்ப்யூட்டர் பிரிவுக்குப் போய்விடும். இவனை ஹாஸ்டல் கண்காணிப்புக்கு மாற்றுவார்கள். அதாவது சாப்பாட்டுக் கூடத்தில் நின்று யார் தட்டைக் கழுவவில்லை என்று பார்க்கிற வேலை.

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் என்ன போடுகிறார்கள் என்றே தெரியாமல், போடப் போடச் சாப்பிட்டான். அடுத்த நாளுக்கு எடுத்து வைத்திருந்ததும் போய்விட்டது. அவன் அக்கா பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

“கவலைப்படாதே” என்றேன். “நான் எதுக்கு இருக்கேன்? கடைக்கு வந்துடு. மேல் மாடி உனக்கு. இலையைப் பத்தி உனக்குத் தெரியாததா?”

குளிர்பதனப் பெட்டி மேல் இருந்த என் பிளாஸ்டிக் கொடியை அவன் கொஞ்ச நேரம் பார்த்தான். “யோசிக்கறேன் மாமா” என்றான். என் மச்சான் யோசிக்கிறேன் என்றால், அதற்குத் தட்டு கழுவுவது மேல் என்று அர்த்தம். எனக்கு வருத்தம்தான். வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

சேர்க்கை நாள் வந்தது. கல்லூரி மண்டபத்தில் ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மேசை. கம்ப்யூட்டர் மேசையில் பெரிய திரை, பலூன், எட்டிப் பார்க்கிறவர்களுக்கெல்லாம் இலவசத் தொப்பி. பக்கத்திலேயே இவன் மேசை. மைக்கறை படிந்த விரிப்பும், ஜாடியில் ஊறிக்கொண்டிருக்கும் ஏதோ ஒரு காம்பும். அவன் வளர்க்கிற செடிகளைக் கொண்டு வைக்கலாம் என்றால், இலையில்லாத குச்சிகளைப் பார்த்து எந்தப் பெற்றோர் பிள்ளையைச் சேர்ப்பார்? காலையில் அவன் டீ குடிக்கப் போன நேரம் பார்த்து வேனைக் கொண்டுவந்து நிறுத்தினேன். கடையில் இருந்த முதல்தரச் சரக்கு முழுவதையும் இறக்கினேன். நடுவில் என் சொந்தப் படைப்பான ‘ராணி’. இலை கொடியுடையது, உச்சியில் ரோஜா, அடியில் சிவப்புப் பழக் கொத்து. மூன்று பருவமும் ஒரே தொட்டியில். நானே உட்கார்ந்து யோசித்து, ஒட்டிப் பார்த்து, பட்டறையில் சொல்லிச் செய்யவைத்தது. லாட்ஜ்காரர்கள் டஜன் டஜனாக வாங்குகிறார்கள்.

அவன் திரும்பி வந்து பார்த்தான். டீ டம்ளர் இன்னும் கையில் இருந்தது.

“மாமா… என்ன இது?”

“செத்த மேசைக்கு உயிர் கொடுத்திருக்கேன்.”

“உயிரைத் தவிர மிச்சமெல்லாம் கொடுத்திருக்கீங்க” என்றாள், சேருகிறவர்களின் பெயர் எழுதிக்கொள்ள வந்திருந்த என் மனைவி. அவள் எப்போதும் அப்படித்தான், தம்பி பக்கம்.

எடுக்கச் சொல்ல அவன் வாயைத் திறந்தபோது பிரின்சிபால் வந்துவிட்டார். “பிரமாதம். இத்தனை செழிப்பா வளர்த்திருக்கீங்களே. தினமும் தண்ணி ஊத்தறது யாரு?” என்று கேட்டார். மச்சான் தரையைப் பார்த்தான். “நாங்க தண்ணியே ஊத்தறதில்லீங்க” என்று உண்மையைச் சொன்னேன். அவர் இவனைப் புது மரியாதையோடு பார்த்துவிட்டுப் போனார்.

ஆனால் கூட்டம் வரவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போனவன் கதைதான். எல்லோரும் தொப்பி பக்கமே போனார்கள். தப்பி வந்த ஒருவர், “இது நர்சரியா? மாங்கன்னு இருக்கா?” என்று கேட்டார். மத்தியானம் வரை பெயர் கொடுத்தது நாலைந்து பேர். அதில் ஒருவன் வரிசை மாறி வந்தவன்.

பிறகுதான் அந்தப் பெண் வந்தாள். மூக்குக் கண்ணாடி போட்ட பெண், கூடவே அப்பா. காக்கிச் சட்டையைப் பார்த்ததும் பஸ் டிரைவர் என்று தெரிந்தது. அவர் கம்ப்யூட்டர் வரிசையில் நின்றார். கால் வலித்ததோ என்னவோ, இவள் எங்கள் மேசையில் சாய்ந்தாள். ராணியை உற்றுப் பார்த்தாள்.

“இது பொய்ச் செடிதானே சார்?”

“எப்படித் தெரியும்?” என்றான் மச்சான், பின்சுவரைப் பார்த்தபடி.

“தூசி இருக்கு.”

“தூசி நிஜச் செடிலயும் இருக்கும். வேற சொல்லு.”

அவள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்தாள். “எல்லா இலையும் ஒரே சைஸ். குட்டி இலையே இல்ல.” இன்னும் குனிந்தாள். “கிழட்டு இலையும் இல்ல. விழுந்த இடமே இல்லையே சார். இவ்வளவு உசரம் வளர்ந்த செடின்னா கீழ எத்தனை இலை விழுந்திருக்கணும்? ஒரு தழும்புகூடக் காணோம்.”

என் மச்சான் சுவரிலிருந்து திரும்பினான். அத்தனை வருடத்தில் ஒரு மாணவரின் முகத்தை அவன் நேராகப் பார்த்தது அன்றைக்குத்தான் என்று சத்தியம் செய்வேன்.

“இன்னும் சொல்லு” என்றான்.

“இந்தப் பூவும் இந்த இலையும் ஒரே செடில வராது சார். யாரோ விவரம் தெரியாதவங்க ஒட்டியிருக்காங்க.”

அதற்கு மேல் நான் எப்படிச் சும்மா இருப்பது? “யாரும்மா விவரம் தெரியாதவன்? இது லாட்ஜ் லாட்ஜா நிக்கிற செடி. உங்க நிஜச் செடி லாட்ஜ்ல ஒரு வாரம் நிக்குமா?”

“நிக்காது” என்றான் மச்சான். “அதுக்கு வெளிச்சம் வேணும், அது உயிரோட இருக்கு. மாமா, உங்க செடில கிழட்டு இலை எங்க?”

“என் கடையில கிழடே கிடையாது.”

“கடை முதலாளியைத் தவிர” என்று யாரோ பின்னாலிருந்து சொன்னார்கள். சிரிப்பு எழுந்தது. திரும்பினால், தொப்பி போட்ட பிள்ளைகள் பத்துப் பேர் நிற்கிறார்கள்.

அவ்வளவுதான், பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு செடியைத் தூக்கினார்கள். இதன் நரம்பு இலையின் அடிப்பக்கத்தில் இல்லை, வெறும் வழவழப்பு. இந்தக் கொடிக்குப் பற்றுக் கம்பி எங்கே? இந்தப் பூவுக்குள் மகரந்தத்துக்குப் பதில் மணி ஒட்டியிருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் நான் பதில் சொன்னேன். மணி அழகுக்கு. கம்பி குத்தும். நரம்பு அடியில் இருந்தால் யார் குனிந்து பார்க்கப் போகிறார்கள்? நான் பேசப் பேசச் சிரிப்பு, சிரிக்கச் சிரிக்கக் கூட்டம். கம்ப்யூட்டர் வாத்தியார் ஒலிபெருக்கியைக் கூட்டிப் பார்த்தார். அதையும் மீறி என் குரல் கேட்டது. பஸ் நிலையத்தில் கூவி விற்ற தொண்டை, ஒலிபெருக்கியா எனக்கு ஈடு?

மச்சான் மேசையைச் சுற்றிக்கொண்டு முன்னால் வந்தே விட்டான். “பழுத்த ஓலையைப் பார்த்துக் குருத்தோலை சிரிச்சுதுன்னு சொல்வாங்களே, மரம் அப்படிச் சிரிக்கறதில்ல. பழுத்த இலைகிட்ட இருக்கிற சத்தெல்லாம் முதல்ல திரும்ப வாங்கிக்கும். அப்புறம் காம்புக்கு அடில மெல்லிசா ஒரு தடுப்பு கட்டும், காயத்தை மூடும், அதுக்கப்புறம்தான் விடும். கத்தி இல்லாம, ரத்தம் இல்லாம…” கை இரண்டையும் ஆட்டிக்கொண்டு பேசினான். வியர்வையைக் காணோம். தும்மல்கூட இல்லை, பூவெல்லாம் பிளாஸ்டிக் ஆயிற்றே.

கூட்டத்தில் லாட்ஜ் முதலாளியின் தலை தெரிந்தது. மகனைச் சேர்க்க வந்திருந்தார். “நம்ம வரவேற்பறையில இருக்கிற அதே செடி” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார், முகத்தில் சிரிப்பில்லை. ராணியைத் தூக்கி மேசைக்கு அடியில் வைத்துவிடலாமா என்று ஒரு கணம் யோசித்தேன். இத்தனை வருடத்துப் பெயர் அல்லவா. ஆனால் சிரித்து முடித்த பிள்ளைகள் ஒவ்வொருவராக என் மனைவியிடம் போய்ப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். சிரிப்பு நின்றால் அதுவும் நின்றுவிடும் என்று ஒரு வியாபாரிக்குத் தெரியாதா? ராணியை இன்னும் உயரத் தூக்கிப் பிடித்தேன். “இந்தப் பழத்துல என்ன குத்தம்னு ஒருத்தர் சொல்லுங்க பார்ப்போம்” என்றேன். பாவிகள், சொல்லித் தீர்த்தார்கள்.

நான் வேண்டுமென்றே தோற்றேன் என்று வீட்டில் சொல்கிறேன். நிஜமாகவே தோற்றேன் என்கிறாள் மனைவி. இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கக் கூடாதா என்ன?

சாயங்காலம் பிரின்சிபால் வந்து பெயர்களைப் பார்த்தார். விரல் விட்டு எண்ணினார். “பாவம், கிட்ட வந்துட்டீங்க. ரெண்டாவது பெஞ்சுல ஒரு ஓரம் காலி” என்றார்.

மச்சான் முகம் விழுந்தது. மனைவி என்னைப் பார்த்தாள், நான் பெயர் கொடுத்துவிடுவேனோ என்று. ஐந்தாம் வகுப்பை முழுசாக முடித்திருந்தால் கொடுத்திருப்பேன்.

அந்த மூக்குக் கண்ணாடிப் பெண் இன்னும் நகரவில்லை. ஆரம்பித்து வைத்தவளே பெயர் கொடுக்கவில்லை. அப்பா கம்ப்யூட்டர் வரிசையிலிருந்து வெளியே வந்து அவள் பின்னால் நின்றார்.

“எனக்கு இதுதான்பா” என்றாள்.

டிரைவர் மச்சானை ஏற இறங்கப் பார்த்தார். “இதைப் படிச்சா வேலை கிடைக்குமா சார்?”

“தெரியாதுங்க” என்றான் மச்சான்.

அவன் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். நான் குறுக்கே விழுந்து, “நான் தர்றேன் வேலை, என் கடையில” என்றேன்.

“மாமா, சும்மா இருங்க.”

டிரைவர் விடவில்லை. “நீங்க ஏன் சார் இதுக்கு வந்தீங்க? பக்கத்து மேசைக்காரர் பத்து நிமிஷம் பேசினார், எல்லாம் தெரிஞ்சவரா இருக்கார். நீங்க தெரியாதுங்கறீங்க.”

மச்சான் ஜாடியில் ஊறிக்கொண்டிருந்த காம்பைக் கையில் எடுத்தான். சுவர் பக்கம் திரும்பிவிடுவானோ என்று பார்த்தேன், திரும்பவில்லை.

“ஒரு ஒடிஞ்ச கிளையைப் பார்த்து வந்தேன்” என்றான். நான் நிமிர்ந்து நின்றேன். “இலையை மரம்தான் கழட்டுதுன்னு அன்னிக்குப் புரிஞ்சுது. அது போதும்னு நினைச்சேன். வேலைக்குச் சேர்ந்த முதல் வருஷம் ஒரு பையன் என் முதுகைப் பார்த்துக் கேட்டான், எந்த இலையை முதல்ல கழட்டணும்னு மரத்துக்கு எப்படித் தெரியும்னு. எனக்கு அது தோணவே இல்லைங்க. இன்னும் அதைத்தான் தேடிக்கிட்டு இருக்கேன். நடுவுல வேற வேலைக்குக் கூப்பிட்டாங்க, ரொம்ப வசதி. அங்க எனக்குத் தெரிஞ்சதைப் பத்தி எவ்வளவு வேணா தேடலாம். தெரியாததைக் காட்டிக் குடுக்கப் பசங்க இருக்க மாட்டாங்க. எத்தனை இலை விழுந்திருக்கணும்னு இப்ப உங்க பொண்ணு கேட்டதுல எனக்கு ரெண்டு மாச வேலை இருக்கு.”

எனக்குக் கோபம் வந்தது. இதை அன்றைக்கே சொல்லியிருந்தால், குளிர் ஆகாது என்று தெருவில் நான் பொய் சொல்லியிருக்க வேண்டியதில்லையே.

டிரைவர் மகளைப் பார்த்தார், மேசையைப் பார்த்தார், என் ராணியைப் பார்த்தார்.

“வீட்டுல இவ தொல்லை தாங்க முடியல சார். சமைச்சதுல குத்தம், தைச்சதுல குத்தம், நான் பஸ்ஸைத் திருப்புறதுல குத்தம். இதுக்குன்னு ஒரு படிப்பு இருக்கும்னு எனக்குத் தெரியாம போச்சு” என்றார். “எங்க பேர் குடுக்கணும்?”

என் மனைவி பேனாவை நீட்டிய வேகத்தில் மூடி எங்கேயோ பறந்தது. பிரின்சிபால் இன்னொரு முறை எண்ணிப் பார்த்துவிட்டு, கம்ப்யூட்டர் வாத்தியார் பக்கம் திரும்பி உதட்டைப் பிதுக்கினார்.

செடிகளை வேனில் ஏற்றும்போது லாட்ஜ் முதலாளி வந்தார். “அண்ணாச்சி, எங்க ராணியை மாத்திக் குடுத்துடுங்க. இனிமே அதைப் பார்க்கிறப்பல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்” என்றார். மாற்றிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு இன்னும் நாலைந்து லாட்ஜ்களும் மாற்றின. பரவாயில்லை, மாற்றியவர்களும் என் கடைச் செடிக்குத்தான் மாற்றினார்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் மச்சான் முன் இருக்கையில் மடியில் ஒரு தொட்டியை வைத்துக்கொண்டு வந்தான். மனைவி பின்னால் சரக்கோடு சரக்காக உட்கார்ந்திருந்தாள்.

“இன்னிக்குப் பிரிவு பிழைச்சது யாரால?” என்றேன்.

“அந்தப் பொண்ணால” என்றாள் மனைவி.

“உன்னைக் கேட்கல.”

“உங்களாலதான் மாமா” என்றான் அவன். ஒரு நிறுத்தம் தள்ளி, “அடுத்த வருஷமும் வருவீங்கல்ல?” என்றான்.

“வராம?”

“ராணியை இனிமே எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும். அதைவிட மோசமா ஏதாவது இருந்தா கொண்டு வாங்க.”

வேறு எவனாவது சொல்லியிருந்தால் வேனை நிறுத்தி இறக்கி விட்டிருப்பேன். அன்றிலிருந்து ஒவ்வொரு மூட்டையைப் பிரிக்கும்போதும் நானே உட்கார்ந்து, இலை தலைகீழாக ஒட்டியது, பழத்திலிருந்து பூ முளைத்தது, ஒரே தண்டில் மூன்று ஜாதி கலந்தது என்று பொறுக்கித் தனியாக எடுத்து வைக்கிறேன். மேல் மாடியில் ஒரு அலமாரி நிறைந்துவிட்டது. பெருமைக்காகச் சொல்லவில்லை, இந்த ஊரில் இவ்வளவு கேவலமான செடி வேறு எந்தக் கடையிலும் கிடைக்காது. சந்தேகமிருந்தால் வந்து பார்க்கலாம்.